அரை அங்குலம்

எதிராளி நான்.
முதலியார் மூன்று தரம் கூப்பிட்டார்.
மூன்றாவதுக்குத்தான் விளங்கியது
பத்மசீலன் மங்களேஸ்வரி என்றால் நான்தான் என்று.
கடைத்தெருவில் என்னை
மங்களா ரெயிலர் என்றால்தான் தெரியும்.

வழக்காளி ஒரு கம்பனி.
முகம் இல்லை, அப்புக்காத்து இருக்கிறார்.
கோருவது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்,
வழக்குச் செலவு வேறு.

கஸ்தூரியார் வீதிக்கு
சிப்பும் லைனிங் துணியும் வாங்கப் போனேன்.
வீதியில் நிறுத்தினால் பொலிஸ் பிடிக்கும்,
ஒழுங்கானவளாக ஐம்பது ரூபாய் கொடுத்து
பெப்பை உள்ளே விட்டேன்.
ரோக்கனில் ஒரு மணித்தியாலம்.
பிறகு மழை.
ஐப்பசி மழை ரோக்கன் பார்த்துப் பெய்யாது.
துணி நனையாமல் பையை நெஞ்சோடு பிடித்தபடி
கடை வாசலில் நின்றேன்.
திரும்பி வர நாற்பத்தொரு நிமிடம் கூட.
முன்சில்லில் சங்கிலி.

"போட்டில எழுதியிருக்கு அக்கா."
அண்ணாந்து பார்த்தேன்.
எழுதித்தான் இருந்தது,
எறும்பு நிரை போல.
"என்னடா தம்பி போட்டிருக்கு?"
"நானே இன்னும் வாசிக்கேல்லை அக்கா,
கையெழுத்து வையுங்கோ, கழட்டிவிடுறன்."
மகன் பள்ளிக்கூட வாசலில் நிற்பான்.
வைத்தேன்.
அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது
பெரிதாக்கிப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கட்டிப்போட்டு அலுவலைப் பார் என்றார்கள் எல்லோரும்.
ஏழாயிரத்து ஐந்நூறு என்பது
லைனிங் வைத்த எட்டுச் சாரிச்சட்டை.
மூன்று தவணைக்குக் கடை பூட்டியதில்
அதுவும் எப்போதோ போய்விட்டது.
பிறகு எதற்கு நிற்கிறாய் என்று கேட்டால்
என்னிடம் மறுமொழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டூலோடு போய்
வெளி வாசல் தூணில்
இஞ்சி டேப் பிடித்துப் பார்த்தேன்.
போட் நிற்பது ஒன்பதரை அடியில்.
மேலே ‘நல்வரவு’:
அது கோட்டை மதிலில் நின்றாலும் தெரியும்.
கீழே தண்டம் பற்றிய வரி அரை அங்குலம்.

"இந்தப் பொத்தானின் அளவு, கனம் நீதிபதி அவர்களே"
என்று ஒன்றை எடுத்து நீட்டினேன்.
நீதிபதி வாங்கி, கையை நீட்டிப் பிடித்து,
கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டார்.

அப்புக்காத்து எழும்பினார்.
"உமக்கு வாசிக்கத் தெரியாதோ?"
"ஊசியில நூல் கோர்க்கிற கண் ஐயா.
அதுக்கே தெரியேல்லை."
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
முதலியார் மேசையில் தட்டினார்.

பிறகு சாட்சிக் கூண்டில் அந்தப் பொடியன்.
கம்பனிச் சட்டை அவனுக்குத் தைத்ததல்ல;
தோள் மூட்டு இரண்டு அங்குலம் கீழே தொங்கியது.
சத்தியம் செய்த பெயர் டிலக்சன்,
பொக்கற்றில் தைத்திருந்த பெயர் கீர்த்திகன்.
எனக்கு முன்னால் ஒருவன் அதே சட்டைக்குள் நின்று
அதே சங்கிலியைப் பூட்டிவிட்டுப்
போயிருக்கிறான், அல்லது அனுப்பப்பட்டிருக்கிறான்.

"எதிராளி ஏதும் கேட்க வேணுமோ?"

ஒரேயொரு கேள்விதான்.
வீட்டில் கண்ணாடி முன் நின்று
பன்னிரண்டு தரம் சொல்லிப் பார்த்தது.
அந்த வரியை நீர் வாசித்தீரா?

அவனுக்கு அது வருவது தெரிந்தது.
தொண்டை ஏறி இறங்கியது.
கண் பின்வரிசைக்குப் போனது:
அங்கே மனேஜர், மடியில் தலைக்கவசம்.

"இல்லை" என்றேன்.

அப்புக்காத்து நிமிர்ந்து பார்த்தார்.
அவருக்கு அது இலவசம் போலிருந்திருக்கும்.
நானும் வீரம் என்று சொல்ல மாட்டேன்.
வெளியே வந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபோது
கை நடுங்கியது,
முட்டாள் என்று என்னையே திட்டினேன்.

தீர்ப்பு அடுத்த மாதம் பதினாலாம் திகதி.

பொத்தானைத் திருப்பித் தரவில்லை.
சான்றுப்பொருளாம்.
உறையில் போட்டு, இலக்கமிட்டு,
அரக்கு முத்திரை வைத்து
அலுமாரிக்குள் பூட்டிவிட்டார்கள்.

கொன்வென்ட் ரீச்சர் பின்னேரம் எடுத்துக் கேட்டார்,
"மங்களா, என்ர சட்டை முடிஞ்சுதோ?"
"முடிஞ்சுது ரீச்சர்,
ஒரு பொத்தான் மட்டும் கோட்டில நிக்குது."